அக்கா கல்யாணமும் அப்பா மணிவிழாவும் ஒரே ப்ளூரேயில் அடங்குமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 2003இல் திருவந்திபுரத்தில் நடந்த அக்கா கல்யாணம் மூன்று மினிடிவி (சின்ன டிஜிட்டல் வீடியோ) கேசட்டில் இருக்கிறது. 2014இல் அப்பாவின் மணிவிழாவை எச்டி ஹேண்டிகேமில் எடுத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் பேரப்பிள்ளைகளின் காதுகுத்து, பிறந்தநாள் எல்லாம் போனில். அத்தனையையும் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரே படமாக்கிவிட்டார். கோப்பு 31 ஜிபி. டிவிடியில் எழுதப் பார்த்தால் இடம் போதவில்லை என்கிறது. 25 ஜிபி ப்ளூரே டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டால் டிரைவ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிரான்சில் இருக்கும் அத்தை வீட்டில் ப்ளூரே பிளேயர் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் ஒன்று அனுப்ப வேண்டும், "இருபது வருஷம் கழித்தும் ஓட வேண்டும் அண்ணா" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல வருஷம் வீடியோ மிக்சிங் பண்ணினவன். வைகாசி முகூர்த்தத்தில் திருவந்திபுரம் மலையில் ஒரே காலையில் எத்தனை தாலி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கல்யாணங்களில் பாதி எங்கள் மாதிரி ஆட்கள் கைவழியாகத்தான் கேசட்டாகவும் சிடியாகவும் வீடு போய்ச் சேர்ந்தன. அந்த அனுபவத்தில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அத்தை பிளேயரில் போட்டுப் பார்ப்பதற்கான டிஸ்க் வேறு, இருபது வருஷம் பத்திரமாக இருப்பதற்கான டிஸ்க் வேறு. இரண்டையும் ஒரே டிஸ்க்கில் சாதிக்கப் பார்ப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு குழப்பம்.

டிரைவ் ஏன் கண்டுகொள்ளவில்லை என்பதை முதலில் முடித்துவிடுவோம். டிவிடி ரைட்டரின் லேசர் சிவப்பு, 650 நானோமீட்டர். ப்ளூரேயை எழுதுவதும் படிப்பதும் 405 நானோமீட்டர் ஊதா லேசர். பெயரில் இருக்கும் 'ப்ளூ' அதுதான். அலை சின்னதாக இருப்பதால் கோடுகளை நெருக்கி எழுத முடிகிறது. டிவிடியில் கோட்டுக்குக் கோடு 0.74 மைக்ரான், ப்ளூரேயில் 0.32. அதனால்தான் அதே 12 செ.மீ. தட்டில் 4.7 ஜிபிக்குப் பதில் 25 ஜிபி பிடிக்கிறது. ஆக உங்கள் டிவிடி ரைட்டருக்கு அந்த டிஸ்க் வெறும் கண்ணாடித் தட்டு. டிரைவ்மேலும் டிஸ்க்மேலும் குறையில்லை. புது டிரைவ் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது: ப்ளூரேயைப் படிக்கும், ஆனால் டிவிடியை மட்டும்தான் எழுதும் என்று 'காம்போ' டிரைவ்கள் உண்டு. பெட்டியில் ப்ளூரே படம் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'பிடி-ஆர் ரைட்' என்று தெளிவாக இருக்க வேண்டும். பிடி-ஆர் என்பது ஒரு தடவை எழுதும் ப்ளூரே டிஸ்க்.

இப்போது இடக்கணக்கு. டிஸ்க் கம்பெனிக்காரர் 1 ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸ் 1024-ஆல் பெருக்கிக்கொண்டே போகும். அதனால் 4.7 என்று விற்கும் டிவிடி உங்கள் திரையில் 4.38 ஆகவும், 25 என்று விற்கும் ப்ளூரே 23.3 ஆகவும் தெரியும். யாரும் உங்களை ஏமாற்றவில்லை, படி அளவுதான் வேறு.

அதைவிட முக்கியம், வீடியோவை ஜிபியில் யோசிக்கவே கூடாது. வினாடிக்கு எத்தனை மெகாபிட் செலவழிக்கிறோம், அதாவது பிட்ரேட், அதில்தான் யோசிக்க வேண்டும். நான் கடையில் சுவரில் எழுதி வைத்திருந்த கணக்கு இது: சாதா டிவிடிக்கு 600, இரட்டை லேயர் டிவிடிக்கு 1080, 25 ஜிபி ப்ளூரேக்கு 3200, 50 ஜிபிக்கு 6400. இந்த எண்ணை உங்கள் படத்தின் நிமிடத்தால் வகுத்தால், சத்தத்தையும் சேர்த்து எவ்வளவு எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்) வைக்கலாம் என்று வந்துவிடும். ஓரம் சாரத்துக்கு நாலு சதவீதம் ஏற்கெனவே கழித்திருக்கிறேன்.

உங்கள் படம் 160 நிமிடம். டிவிடி என்றால் 600ஐ 160ஆல் வகுக்க 3.75. டிவிடியில் படத்தைச் சுருக்கும் பழைய எம்பெக்-2 முறையில் அது போதாது. பட்டுப்புடவை ஜரிகையும் பந்தல் பூவும் கட்டம் கட்டமாக உடையும். ப்ளூரே என்றால் 3200ஐ 160ஆல் வகுக்க 20. அதைவிடப் புதிய எச்.264 சுருக்கு முறையில் 20 எம்பிபிஎஸ் தாராளம். ஆக கேள்விக்கு நேர்ப்பதில்: அடங்கும். 31 ஜிபி கோப்பை அப்படியே திணிக்க முடியாது, மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும், அதாவது இந்தப் பிட்ரேட்டில் புதுக் கோப்பாக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் 160 நிமிடத்துக்கும் ஒரே 20 வைப்பது நல்ல சமையல் இல்லை. அக்கா கல்யாணம் மினிடிவி. அதன் படமே 720-க்கு 576 புள்ளிதான். அதை 1080-க்கு ஊதிப் பெருக்கி 20 எம்பிபிஎஸ் செலவழித்தால் வராத விவரம் வந்துவிடாது. பலருக்குத் தெரியாத விஷயம், ப்ளூரே டிஸ்க்கில் 720-க்கு 576 படத்தை அப்படியே, பழைய 4:3 வடிவத்திலேயே வைக்கலாம், பிளேயரே டி.வி.க்கு ஏற்றமாதிரி பெரிதாக்கிக்கொள்ளும். ஆகவே படத்தை ஒரே சரமாக வைக்காமல் மூன்று தனித் தலைப்பாகப் பிரியுங்கள். கல்யாணம் 70 நிமிடம் என்று வையுங்கள், 8 எம்பிபிஎஸ் போதும்: 560. மீதி மணிவிழாவும் போன் படங்களும் 90 நிமிடம். ஹேண்டிகேம் ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில், 1080 இன்டர்லேஸ்டில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) எடுத்தால் உச்சமே 24 எம்பிபிஎஸ்தான், எனவே 25க்கு மேல் கொடுத்துப் பயனில்லை: 2250. மொத்தம் 2810. உங்கள் கையில் இருந்தது 3200. மிச்சம் 390.

அந்த மிச்சத்தை நிரப்பாதீர்கள். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கித்தான் எழுதப்படும். விரல் படுவது, கீறல் விழுவது, கோணல் வருவது எல்லாம் வெளி விளிம்பில்தான் அதிகம். கடைசி ஒரு செ.மீ. காலியாக இருக்கும் டிஸ்க், விளிம்புவரை அடைத்த டிஸ்க்கைவிடப் பிரச்சினை இல்லாமல் ஓடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் வருபவர்கள் "காசு கொடுத்து வாங்கிய இடம் வீணாகிறதே" என்பார்கள். சாப்பாட்டுத் தட்டில் கூட ஓரம் விட்டுத்தானே பரிமாறுகிறோம்.

ரெண்டர் செய்யும்போது ஏற்றுமதிப் பட்டியலில் 'ப்ளூரே' என்று தனியாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், வெறும் எம்பி4 வேண்டாம். ப்ளூரே பிளேயர் ஒரு கறாரான பிராணி. பென் டிரைவில் எதைக் கொடுத்தாலும் ஓட்டும் அதே பிளேயர், டிஸ்க் என்று வந்துவிட்டால் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும். எச்.264இல் 'லெவல்' என்ற வரம்பு 4.1-ஐத் தாண்டக் கூடாது. வினாடிக்கு 50 முழுப்படம் என்ற 1080 அளவு சாதா ப்ளூரே விதியிலேயே இல்லை. 50 இன்டர்லேஸ்டு உண்டு, 24 முழுப்படம் உண்டு. 25 முழுப்படமாக எடிட் செய்திருந்தால் அதை 50 இன்டர்லேஸ்டு என்ற சட்டை போட்டுத்தான் டிஸ்க்குக்குள் அனுப்ப வேண்டும். நல்ல மென்பொருள் அதைத் தானே செய்துவிடும்.

இன்டர்லேஸ்டு என்ற சொல் வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பழைய கேமரா ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று எடுக்கும். மினிடிவியில் கீழ்ப்பாதி முதலில். எச்டி ஹேண்டிகேமில் மேல்பாதி முதலில். எடிட்டிங்கில் இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டு இந்த வரிசையை மாற்றி வைத்துவிட்டால், ஆடாமல் நிற்கும் மனிதர்கள் சரியாகத் தெரிவார்கள். மாப்பிள்ளை கை நீட்டித் தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோகும் இடம் வரும் பாருங்கள், அந்தக் கை முன்னும் பின்னும் உதறும். காய்ச்சல் நடுக்கம் மாதிரி. ஒரு தடவை ஒரு வீட்டுக்காரர் "மாப்பிள்ளைக்கு அன்றைக்குப் பயமா?" என்று கேட்டேவிட்டார். கம்ப்யூட்டர் திரையில் இது தெரியாது, டி.வி.யில்தான் தெரியும். அதனால்தான் முதலில் அழித்து எழுதும் டிஸ்க் ஒன்று, பிடி-ஆர்இ என்று இருக்கும், அதை வாங்குங்கள். ஆயிரம் தடவை அழித்து எழுதலாம். சோதனை எல்லாம் அதில். டி.வி.யில் போட்டு, தாலி கட்டும் இடம், ஆரத்தி, ஊஞ்சல் இந்த மூன்று இடத்தையும் பார்த்துவிட்டு அப்புறம் நல்ல டிஸ்க்கை எடுங்கள்.

சத்தம் அடுத்த பொறி. போனும் எம்பி4-உம் ஏஏசி என்ற வகையில் சத்தத்தை வைத்திருக்கும். ப்ளூரே டிஸ்க் விதியில் ஏஏசி கிடையாது. டால்பி டிஜிட்டல் எனப்படும் ஏசி-3, அல்லது சுருக்காத பிசிஎம் வேண்டும். இதைக் கவனிக்காமல் கோப்பை மட்டும் மாற்றி அடைத்தால் படம் ஓடும், வாய் அசையும், சத்தம் வராது. ஏசி-3, 448 கேபிபிஎஸ் வைத்தால் வீட்டு வீடியோவுக்கு ஏராளம்.

இன்னொன்று, இது என் சொந்த ஆதங்கம். நாங்கள் மிக்சிங் பண்ணின காலத்தில் நாதஸ்வரத்தை அமுக்கிவிட்டு அதன்மேல் சினிமாப் பாட்டைப் போட்டோம். எல்லோரும் கேட்டார்கள், நாங்களும் போட்டோம். இன்றைக்கு அந்தக் கேசட்டைப் போட்டால் இல்லாமல் போன பாட்டியின் குரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. உங்களிடம் மிக்சிங் ஆவதற்கு முந்தைய மூலக் கேசட் இருப்பது அதிர்ஷ்டம். கெட்டிமேளமும் பின்னால் யாரோ "பூ எங்கடி" என்று கத்துவதும் அப்படியே இருக்கட்டும்.

போன் படங்களைப் பற்றிச் சுருக்கமாக. போன் வினாடிக்கு 30 படம் என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் வெளிச்சத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். நேரே டைம்லைனில் போட்டால் பத்தாவது நிமிடத்தில் உதடும் சத்தமும் பிரியும். இலவச ஹேண்ட்பிரேக்கில் 'நிலையான பிரேம் ரேட்' என்று வைத்து ஒரு சுற்று மாற்றிக்கொண்டு பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டு வாருங்கள். நிமிர்த்தி எடுத்த படங்களுக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிடலாம். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது.

கோப்புகள் தயாரானதும் டிஸ்க் அமைப்பு. மெனு எல்லாம் வேண்டாம் என்றால் டிஎஸ்மக்ஸர் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோவையும் சத்தத்தையும் கொடுத்து 'ப்ளூரே டிஸ்க்' என்று தேர்ந்தெடுத்தால் பிடிஎம்வி என்ற போல்டரோ, முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக்கிய ஐஎஸ்ஓவோ தரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயக் குறியும் அதிலேயே போடலாம். ஆனால் அது எதையும் மாற்றித் தராது, கொடுத்ததைக் கட்டித்தான் தரும். மெனு வேண்டும் என்றால் மல்டிஏவிசிஎச்டி இருக்கிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். அடோபியின் என்கோர் இந்த வேலைக்கே பிறந்தது. சிஎஸ்6-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய கடைகளில் இன்னும் அதில்தான் வேலை நடக்கிறது.

டிஸ்க்கில் எழுதுவதற்கு இம்ஜ்பர்ன் என்ற மென்பொருள். 2013க்குப் பிறகு புதுப் பதிப்பே வரவில்லை, ஆனாலும் இன்றும் ஓடுகிறது. பிடிஎம்வி போல்டரைக் கொடுத்து, கோப்பு முறை யுடிஎஃப் 2.50 என்று வையுங்கள். வேகம் 4 மடங்கு. ஒரு மடங்கு என்பது வினாடிக்கு 4.5 எம்பி, ஆக முழு 25 ஜிபிக்கு 4 மடங்கில் இருபத்து மூன்று நிமிடம் ஆகும். எழுதி முடித்ததும் 'வெரிஃபை' என்பதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். இன்னொரு இருபது நிமிடம் போகும், போகட்டும்.

யுஎஸ்பி ரைட்டர் வாங்கினால் அதை ஹப்பில் செருகாதீர்கள். ஊதா லேசர் எழுதும்போது நிறைய மின்சாரம் இழுக்கும்; யுஎஸ்பி 2 துளை கொடுப்பது 500 மில்லி ஆம்பியர்தான். சில ரைட்டர்களுக்கு இரட்டை வால் கேபிள் கொடுப்பது அதற்காகத்தான், இரண்டு வாலையும் செருக வேண்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையில் இறங்காதீர்கள். 87 சதவீதத்தில் கரண்ட் போன டிஸ்க் ஒன்றை என் பேத்தி ரங்கோலிக்கு வட்டம் போட வைத்திருக்கிறாள்.

அத்தையின் டிஸ்க் இதோடு முடிந்தது. வீட்டில் எழுதும் டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு (ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டில் ஓடாமல் தடுப்பது) கிடையாது, டி.வி. முறையில் பிரான்சும் நாமும் 50 ஹெர்ட்ஸ்காரர்கள், அங்கே சிக்கலில்லாமல் ஓடும். (அத்தை வீட்டிலிருந்து பழைய விஎச்எஸ் கேசட் ஏதாவது வந்தால் அது வேறு கதை. பிரான்சில் அந்தக் காலத்தில் செகாம் முறை. நம் ஊரின் 'பால்' (PAL) வண்ண முறை விசிஆரில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். புதுச்சேரியில் இப்படி வீசப்பட்ட கேசட்டுகள் எத்தனையோ.) ப்ளூரே ரைட்டர் வாங்க மனம் வராதவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. சாதா டிவிடி டிஸ்க்கிலேயே ஏவிசிஎச்டி அமைப்பில் எச்டி படத்தை எழுதலாம். 17 எம்பிபிஎஸ் வைத்தால், நம் 600 கணக்குப்படி, 35 நிமிடம் பிடிக்கும். பல ப்ளூரே பிளேயர்கள் அதை ஓட்டும். காதுகுத்து மட்டும் என்றால் இது போதும்.

இனி பத்திரப்படுத்தும் டிஸ்க். இங்கேதான் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

இதில் எடிட் செய்த படத்தைவிட மூலம் முக்கியம். இருபது வருஷம் கழித்து உங்கள் பிள்ளைகள் வேறு மாதிரி வெட்டி ஒட்ட நினைப்பார்கள். மினிடிவி கேசட்டை ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுத்தால் கேசட்டில் இருக்கும் அதே தரவு ஒரு பிட் மாறாமல் கம்ப்யூட்டருக்கு வரும், மணிக்கு 13 ஜிபி. மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் எடுத்திருந்தால், மன்னிக்கவும், மறுபடி எடுங்கள். கேமராவின் தலை இன்னும் வேலை செய்யும்போதே எடுத்துவிட வேண்டும். கேசட் ஓரத்தில் வெள்ளை மாவு மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த கேசட்டுக்கு இது சகஜம். அதைக் கேமராவில் போட்டால் தலையும் பாழ், அடுத்த கேசட்டும் பாழ். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு மணி கேசட் மூன்று, மொத்தம் 39 ஜிபி. இதை ஒரு 50 ஜிபி டிஸ்க்கில் போடலாம்தான். நான் போட மாட்டேன். இரட்டை லேயரில் லேசர் மேல் லேயரைத் துளைத்துக்கொண்டு கீழ் லேயரை எழுத வேண்டும், பிழை அதிகம். ஒன்று போனால் மூன்று கேசட்டும் சேர்ந்து போகும். 25 ஜிபி டிஸ்க் மூன்று எடுத்து, டிஸ்க்குக்கு ஒரு கேசட். 13 போக மிச்சம் இருக்கும் இடத்தில் மணிவிழாவின் மூலக் கோப்புகளையும் போன் படங்களையும் பிரித்துப் போடுங்கள். இங்கே பிடிஎம்வி, ஏசி-3 எதுவும் தேவையில்லை. கம்ப்யூட்டர் படிக்கும் வெறும் கோப்புகள்தான். கூடவே எந்தக் கோப்பில் என்ன இருக்கிறது, யார் யார் இருக்கிறார்கள் என்று தமிழில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு. பந்தியில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் யார் என்று சொல்ல இன்றைக்கு உங்கள் அப்பா இருக்கிறார். பக்கத்தில் உட்கார வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது பெட்டியில் எல்டிஎச் என்ற மூன்று எழுத்து இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். நல்ல பிடி-ஆரில் எழுதும் படலம் உலோகச் சேர்மம், கனிம வகை. எல்டிஎச் வகையில் அது சாயம், பழைய டிவிடி-ஆர் மாதிரி. வெயிலும் சூடும் அதற்கு ஆகாது. நான் ஒரு சமயம் விலை மலிவு என்று அந்த எல்டிஎச் டிஸ்க்குகளை ஒரு கோபுர டப்பா நிறைய வாங்கினேன். அடிப்பக்கம் பொன் மஞ்சளாகப் பளபளத்தது, அழகாக இருக்கிறதே என்று கூட நினைத்தேன். எழுதினேன், சரிபார்த்தேன், எல்லாம் சரி. ஐந்து வருஷம் கழித்து ஒரு வீட்டுக்காரர் சீமந்த வீடியோ கேட்டு வந்தபோது எடுத்துப் போட்டேன். டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. வரிசையாகப் பதினொரு டிஸ்க் போட்டுப் பார்த்தேன், நாலுதான் முழுதாக வந்தது. கனிம வகையின் அடிப்பக்கம் இருண்ட சாம்பலோ பழுப்போ கலந்து இருக்கும், பளபளப்புக் குறைவு. அதுதான் வேண்டும். இன்னும் உறுதி வேண்டும் என்றால் எம்-டிஸ்க் இருக்கிறது, 25 ஜிபியிலும் 100 ஜிபியிலும் வருகிறது. ஆயிரம் வருஷம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு உங்கள் அக்கா கல்யாணத்தை யார் பார்க்கப் போகிறார்கள், அறுபது வருஷம் வந்தால் நமக்குப் போதும். 100 ஜிபிக்கு பிடிஎக்ஸ்எல் என்று போட்ட டிரைவ் வேண்டும், ஞாபகம் இருக்கட்டும்.

"ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால் போதாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். அதிலும் போடுங்கள். ஆனால் 2015 மழையில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டில் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டன. பக்கத்திலேயே மிதந்த டிஸ்க்குகளைச் சேறு போகக் குழாய்த் தண்ணீரில் காட்டி, மெத்தென்ற துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒற்றியெடுத்து, நிழலில் நிமிர்த்தி வைத்தேன். ப்ளூரேயில் ஒன்றுகூடத் தவறவில்லை. டிவிடிகளில் காகித ஸ்டிக்கர் ஒட்டியவை மட்டும் நெளிந்துபோய்விட்டன. அதனால் ஸ்டிக்கர் வேண்டாம். தண்ணீர் வகை மார்க்கரால் மேல்பக்கம் எழுதுங்கள். ப்ளூரேயில் தரவு இருப்பது அடிப்பக்கத்திலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான், எனவே அடிப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்பட வேண்டும். பழைய சிடிக்கு நேர்மாறு. அதில் மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனா பட்டாலே போயிற்று. உறைகள் தைத்த ஆல்பத்தில் செருகாமல் கெட்டிப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.

இரண்டு செட் எழுதுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில். கடலூரில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கலாமே என்று நினைப்பீர்கள். 2011 டிசம்பர் 30 'தானே' புயல் சரியாகக் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. இரண்டு ஊரும் ஒரே நாளில் இருட்டானது. 2024 நவம்பர் 30 'ஃபெஞ்சல்' உங்கள் ஊர்ப் பக்கம் கரையேறியது. இரண்டே நாளில் தென்பெண்ணை எங்கள் பக்கம் ஊருக்குள் வந்தது. நம் இரண்டு ஊருக்கும் இடையே இருக்கும் இருபத்து சொச்சம் கிலோமீட்டர் ஒரு புயலுக்குத் தூரமே இல்லை. திருச்சி, கோவை என்று யாராவது இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள்.

தள்ளிப் போடவும் வேண்டாம். எழுதும் ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை பானாசோனிக் 2023இல் நிறுத்தியது, சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. இன்னும் சிலர் தயாரிக்கிறார்கள், ஆனால் கடைத்தெருவில் தேடிக் கிடைக்காது, இணையத்தில்தான் வாங்க வேண்டியிருக்கும். டிரைவும் அப்படியே. டிஸ்க் இருந்து டிரைவ் இல்லாவிட்டால் ஊறுகாய் ஜாடிக்கு மூடி தொலைந்த கதை, அதனால் டிரைவையும் துணியில் சுற்றி டிஸ்க்குகளோடு சேர்த்தே வையுங்கள். வருஷத்துக்கு ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்கு எல்லாவற்றையும் துடைத்து எடுத்து வைப்போமே, அன்றைக்கு ஒவ்வொரு டிஸ்க்கையும் போட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். எடுக்கும் வேகம் வழக்கத்தைவிடத் தடுமாறினால் அந்த டிஸ்க்கைப் புதிதாக எழுதும் நேரம் வந்துவிட்டது.

சித்தப்பா விஷயம் பாக்கி. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கே விற்கும் ப்ளூரே பிளேயர்களில் பல நம் 50 இன்டர்லேஸ்டு டிஸ்க்கை ஏற்பதில்லை; 'டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை' என்று திரையில் காட்டிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அவருக்காகத் தனியாக 60-க்கு மாற்றி ரெண்டர் செய்தால் கை வீசும் இடமெல்லாம் திக்கும். அவருக்கு டிஸ்க்கே வேண்டாம். அந்த மூன்று தலைப்பையும் எம்பி4 ஆக ஒரு பென் டிரைவில் போட்டு, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்து அனுப்புங்கள். ஃபேட்32 என்று விட்டுவிட்டால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது.